டென்ஷனில் ஓடும் வீட்டுக்கு பிரஷர் மெஷின் வாங்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தூக்கம் கெட்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல், போனைக் காதில் வைத்தபடியே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஆள் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி வைப்பது உருப்படியான செலவு. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல் கையில் கட்டுவதுதான் வேண்டும். நாங்கள் வாங்கியது 2000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. எந்தப் பெயரில் வாங்கினாலும் பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான், ஏமாறும் இடங்களும் ஒன்றுதான்.

எங்கள் வீடு கிருஷ்ணகிரி. அண்ணன் ராயக்கோட்டையில் தக்காளி கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். தக்காளி யாவாரம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே லோடு வர ஆரம்பித்துவிடும். இன்றைக்குப் போன விலை நாளைக்கு இருக்காது. வரத்து அதிகமானால் பறிக்கிற கூலி கூடக் கட்டாமல் விவசாயி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற நாளும் உண்டு. விவசாயிக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஒரு பக்கம் நிற்கும், சென்னைக்கும் கேரளாவுக்கும் சரக்கு வாங்கிப் போன வியாபாரியிடம் வர வேண்டிய பாக்கி இன்னொரு பக்கம் நிற்கும், நடுவில் இவர். இது ஒரு வாரம் இரண்டு வாரம் வந்துபோகிற டென்ஷன் இல்லை, பல வருடமாக இதுவே பிழைப்பு. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்வது அண்ணி. ஆக மூன்று பேருக்கு மூன்று விதமான அழுத்தம், ஒரே மெஷின்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த மெஷின் டென்ஷனை அளக்காது, ரத்த அழுத்தத்தை மட்டும்தான் அளக்கும். கடையில் 'ஸ்ட்ரெஸ் லெவல் காட்டும்' என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். ஆனால் டென்ஷன் உடம்புக்குள் செய்கிற வேலைகளில் நாம் வீட்டில் உட்கார்ந்து எண்ணாகப் பார்க்க முடிகிற ஒன்று ரத்த அழுத்தம், அதனால்தான் இதை வாங்கச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் யானை இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலுக்குப் பரணில் இருப்பவருக்கு அந்த நொடியே அட்ரினலின் பாயும், நெஞ்சு படபடக்கும், சிறிய ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். அடுத்த சில நிமிடங்களில் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்ல, கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கூடும். ஈரல் சர்க்கரையை வெளியே விடும். ஜீரணம் மந்தமாகும், ஏனென்றால் ஓடுகிற நேரத்தில் சோறு செரிக்க வேண்டியதில்லை. யானை காட்டுக்குத் திரும்பிவிட்டால் இதெல்லாம் இறங்கிவிடும். உயிரைக் காப்பாற்ற உடம்புக்கு இருக்கும் அருமையான ஏற்பாடு இது, இதில் ஒரு குறையும் இல்லை.

யானை திரும்பிப் போகாமல் தினமும் வாசலிலேயே நின்றால்தான் பிரச்சினை. வட்டி, பாக்கி, விலை, மகளின் காலேஜ் பீஸ். உடம்புக்கு இதற்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாது, அதே ஹார்மோன்கள்தான் வரும், அளவு கொஞ்சம் குறைவாக, ஆனால் ஓயாமல். இயல்பாகக் கார்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து நடுராத்திரி வாக்கில் அடிமட்டத்துக்கு வரும், ராத்திரியில் பிரஷரும் இறங்கும். அந்த இறக்கம்தான் ரத்தக் குழாய்களுக்குக் கிடைக்கும் ஓய்வு. தூங்காதவனுக்கு அந்த ஓய்வு சரியாகக் கிடைப்பதில்லை.

டென்ஷன் மட்டுமே நிரந்தரமான பிபியைக் கொண்டுவந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, எங்கள் டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. பரம்பரை இருக்கிறது, உப்பு இருக்கிறது, எடை இருக்கிறது. ஆனால் டென்ஷன் இவை எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. தூக்கம் போனால் பசி தாறுமாறாகும், டீயும் பீடியும் கூடும், சிலருக்குச் சாயந்திரம் டாஸ்மாக், நடக்க நேரம் இருக்காது. 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வு, 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. புகை, சர்க்கரை, பிரஷர், கொழுப்பு இவற்றோடு மன அழுத்தத்தையும் மாரடைப்போடு தொடர்புடைய முக்கியமான காரணங்களில் ஒன்றாகப் பட்டியலில் வைத்தது. 'டென்ஷன் எல்லாம் ஒரு நோயா' என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். கையைச் சுற்றிப் பட்டையைக் கட்டிக் காற்றடித்து ரத்தக் குழாயை அமுக்கிப் பார்க்கிற யோசனை 1896-இல் இத்தாலியில் ரிவா ரோச்சி என்ற டாக்டர் கொண்டுவந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்கிற முறை 1905-இல் ரஷ்யாவின் கொரோட்காவ் சொன்னது. டிஜிட்டல் மெஷின் சத்தம் கேட்பதில்லை. காற்று இறங்கும்போது நாடித் துடிப்பால் பட்டைக்குள் வரும் சின்னச் சின்ன அதிர்வைப் பிடித்துக் கணக்குப் போடுகிறது. ஆகவே கை ஆடினாலும் தப்பு, பேசினாலும் தப்பு, பட்டை சரியாக உட்காராவிட்டால் பெரிய தப்பு.

இந்தப் பட்டை விஷயத்தில்தான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். பழையபேட்டைப் பக்கம் ஒரு மெடிக்கலில் வாங்கினோம். எங்கள் அண்ணன் ஆள் கொஞ்சம் கனம், கை பெரியது, பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டதற்கு, 'சீல் உடைக்கக் கூடாது சார், எல்லாருக்கும் சேரும்' என்றார்கள். வீட்டுக்கு வந்து அண்ணனுக்குக் கட்டினால், காற்று ஏற ஏற ஒட்டு 'பர்ர்' என்று பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடி இழுத்துப் பிடித்துக் கட்டிப் பார்த்தால் 172/104. அண்ணி முகம் செத்துப்போய்விட்டது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த வீடு இது, அந்த எண்ணைப் பார்த்தால் என்னவெல்லாம் ஓடும் என்று சொல்ல வேண்டுமா?

பெட்டிக்குப் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 22 முதல் 32 செ.மீ. என்று போட்டிருந்தது. தையல் டேப்பை எடுத்து அண்ணனின் மேல் கையை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்தால் 35. பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் பிரஷரை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், ரொம்பப் பெரியதாக இருந்தால் குறைவாகக் காட்டும். தனியாகப் பெரிய பட்டையை வரவழைத்துக் கட்டியபோது 150-க்கு வந்தது. அதுவும் அதிகம்தான், ஆனால் 172 வேறு, 150 வேறு. ஒன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும், இன்னொன்று நிதானமாக டாக்டரைப் பார்க்க வைக்கும். மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டேப் வையுங்கள், அவ்வளவுதான்.

அடுத்து, பார்க்கிற முறை. அண்ணன் மண்டியில் கணக்கு மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் கை மேலேயே பட்டையைக் கட்டி, ஒரு காதில் போன், 'பெட்டி எவ்வளவுக்குப் போச்சு' என்று கேட்டுக்கொண்டே பட்டனை அமுக்குவார். அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது. பேசினால் ஏறத்தாழ 10 வரை கூடும், மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும், காலைக் குறுக்கே போட்டால் கொஞ்சம் கூடும், கை தொங்கினால் கூடும். சரியான முறை இது: அரை மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, பீடி வேண்டாம். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில். பட்டை வெறும் தோலில். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை. காலையில் மாத்திரை போடுவதற்கு முன், அப்புறம் ராத்திரி. இப்படி 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி பார்ப்பார்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-க்கு மேலே இருந்தால் பிபி என்று எடுத்துக்கொள்வார்கள், ஆஸ்பத்திரியில் அந்த வரம்பு 140/90.

சொல்லப்போனால் அந்த 5 நிமிடம் சும்மா உட்காருவதுதான் அண்ணனுக்குப் பெரிய பாடு. இரண்டாவது நிமிடமே கை போனைத் தேடும். அண்ணிதான் போனை வாங்கி அரிசி டிரம் மேல் வைத்துவிடுவார்.

மெஷினோடு ஒரு நோட்டும் கட்டாயம் வேண்டும். மெஷினுக்குள்ளேயே பழைய அளவுகள் பதிவாகும், அது உண்மைதான், ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. எங்கள் நோட்டில் அண்ணி எழுதியிருப்பது இப்படி இருக்கும்: 'காலை 148/94, ராத்திரி லோடு, தூக்கம் 3 மணி.' அடுத்த பக்கத்தில், 'காலை 134/84, நேற்று மண்டி லீவு.' இன்னொன்று, 'ராத்திரி 152/96, பாக்கிக்காரரோடு சண்டை, ஊறுகாய் அதிகம்.' இந்த நோட்டைப் பார்த்தபிறகுதான் அண்ணன் தன் உடம்பைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தார். அதுவரை யார் கேட்டாலும் 'எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்' என்பதுதான் பதில். பிபி உயர்ந்தால் தலை சுற்றும், தலை வலிக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, எந்த அறிகுறியும் இல்லாமல்தான் அது உள்ளே வேலை பார்க்கும்.

இதில் இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம், பலருக்குத் தெரியாது. அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனது மண்டி வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு. அங்கே 130/82. 'நார்மல்' என்று சந்தோஷமாகத் திரும்பியிருப்போம், நோட்டைக் காட்டியதால் டாக்டர் நிறுத்தி வைத்துப் பேசினார். ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து, வேலையிலும் வீட்டிலும் ஏறியிருப்பதை மறைந்திருக்கும் பிபி என்கிறார்கள், வேலை அழுத்தம் அதிகமுள்ளவர்களிடம் இது இருக்க வாய்ப்பு உண்டு. இதற்கு நேர் எதிராக, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே பயத்தில் ஏறுகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா அந்த ரகம், ஆஸ்பத்திரியில் 160, எங்கள் வீட்டுத் திண்ணையில் 128. இரண்டு பேருக்குமே வீட்டு அளவுதான் உண்மையைச் சொன்னது. நான் மெஷினுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இதற்காகத்தான்.

மெஷின் காட்டாதது நிறைய, அதையும் சொன்னால்தான் விமர்சனம் முழுசாகும். எனக்குப் பிரஷர் நார்மல். ஆனால் நைட் ஷிஃப்ட் வாரத்தில் வயிறு என் பேச்சைக் கேட்காது, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், பகலில் படுத்தால் பாதித் தூக்கம். நிம்மதியாகத் தூங்க வேண்டிய பகல் நேரத்தில் உடம்பின் கடிகாரம் 'எழுந்திரு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கார்டிசால் நீண்ட நாள் கூடியே இருந்தால் ரத்தத்தில் சர்க்கரையும் கூடும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது, கொழுப்பு தொப்பையில் சேரும். மெஷின் திரையில் இதில் ஒன்றும் வராது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனைதான்.

அல்சரைப் பற்றி ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் எங்கள் பக்கம் அல்சர் என்றாலே 'டென்ஷன்' என்று முடித்துவிடுகிறார்கள். 1936-இல் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி எலிகளைக் குளிர், காயம், ஓயாத ஓட்டம் என்று விதவிதமாகச் சிரமப்படுத்திப் பார்த்தார். எதைச் செய்தாலும் அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. அதிலிருந்து வந்த நம்பிக்கை பல காலம் நின்றது. பிறகு ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் பெரும்பாலான அல்சருக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருப்பதைக் காட்டினார்கள், 2005-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். வலிமாத்திரைகளும் இன்னொரு காரணம். ஆகவே வயிற்று வலியை டென்ஷன் கணக்கில் எழுதிவிட்டு ஜெலுசில் குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கிருமிக்கு மருந்து இருக்கிறது, பரிசோதித்தால் தெரிந்துவிடும்.

அண்ணி விஷயம்தான் எனக்கு மனதை உறுத்துவது. அவருக்கும் பிரஷர் 118/76, மெஷினைக் கேட்டால் அருமையான உடம்பு. ஆனால் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுகிறார், மாதம் ஒரு சளி, தோள்பட்டை வலி, தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது. தோசைக்கல்லில் கை பட்ட சின்னக் காயம் ஆறவே மாட்டேன் என்றது. சர்க்கரையாக இருக்குமோ என்று பார்த்தோம், இல்லை. 1995-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். மறதி நோய் வந்த உறவினரைக் கவனித்துக்கொள்ளும் 13 பெண்களுக்கும், அந்தச் சுமை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் ஒரே அளவில் சின்னக் காயம் செய்து ஆறுகிற நாளைக் கணக்கிட்டார்கள். கவனித்துக்கொள்ளும் பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு அண்ணியின் கைதான் ஞாபகம் வந்தது. நோயாளிக்கு மாத்திரை டப்பா, நாப்கின், வாட்டர் பெட் எல்லாம் வாங்கிக் கொடுக்கிற நாம், கவனிக்கிற பெண்ணுக்கு ஒரு முழு ராத்திரித் தூக்கம் வாங்கிக் கொடுப்பதில்லை. இப்போது வாரத்தில் இரண்டு ராத்திரி நான் அம்மா பக்கத்தில் படுக்கிறேன். அண்ணியின் நோட்டில் ஏற எண் ஒன்றும் இல்லை, சளி மட்டும் குறைந்திருக்கிறது.

மெஷின் வாங்கக் காசு இல்லை என்றால் கவலை வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்ட் 5. பிபி, சர்க்கரை பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் வீட்டுக்கே வருகிறது, அம்மா மாதிரிப் படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருது வாங்கிய திட்டம். எங்கள் தெருவுக்கு வரும் அக்கா அம்மாவைப் பார்த்துவிட்டு, 'நீங்க எப்ப பார்த்துக்கிட்டீங்க' என்று அண்ணியையும் உட்கார வைத்துக் கட்டிப் பார்ப்பார். அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை. இவர்களோடு வீட்டு மெஷினைப் போட்டி வைக்க வேண்டியதில்லை. அவர்கள் வருகிற நாளுக்கு இடைப்பட்ட நாட்களை மெஷின் பார்த்துக்கொள்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி மூடி மெல்லிய பிளாஸ்டிக், ஏற்கனவே ஒரு கொக்கி உடைந்துவிட்டது. பேட்டரி இறங்கினால் பட்டை பாதியில் நின்று எரர் காட்டும், அதனால் அடாப்டர் போடுகிற வசதி இருப்பதாக வாங்குங்கள். விளக்கப் புத்தகத்தில் தமிழ் இல்லை, நம் ஊரில் விற்கிற பொருளுக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சடிக்க என்ன கஷ்டம் என்று தெரியவில்லை. சத்தமாக எண்ணைச் சொல்லும் 'டாக்கிங்' மாடலுக்குக் கூடுதல் காசு கேட்பார்கள், கண் சரியாகத் தெரியாதவர்களைத் தவிர யாருக்கும் தேவையில்லை. நாடி ஒழுங்கில்லாமல் துடித்தால் திரையில் ஒரு இதயப் படம் மின்னும். ஒரு முறை மின்னினால் பதற வேண்டாம், அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுத்துவிடுங்கள், அப்படிப்பட்ட துடிப்பு உள்ளவர்களுக்கு இந்த மெஷினின் கணக்கும் தடுமாறும். பட்டையே இல்லாமல் கைக்கடிகாரத்தில் பிபி காட்டுகிறது என்று வருவதை நம்பி மாத்திரை விஷயத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எல்லாருக்கும் வாங்கச் சொல்லவும் மாட்டேன். என் நண்பர் ஒருவர், நிமிடத்துக்கு ஒரு முறை கட்டிப் பார்ப்பார். எண்ணைப் பார்த்துப் பயந்து, பயத்தில் அது இன்னும் ஏறி, மறுபடி கட்டி... அவருக்கு டாக்டரே மெஷினை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட மனசுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் உதவும், மனநலத்துக்கான அரசு எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. பைத்தியத்துக்கானது என்று நினைத்துத் தயங்க வேண்டாம், தூக்கம் வரவில்லை, படபடப்பாக இருக்கிறது என்றாலும் பேசலாம்.

அண்ணன் இப்போது மாத்திரையில் இருக்கிறார். ராத்திரி லோடு ஏற்றும் வேலையைத் தம்பி முறை ஆகிற பையனிடம் பாதி விட்டிருக்கிறார், ஊறுகாய் ஜாடி மேல் தட்டுக்குப் போயிருக்கிறது, பாக்கிக்காரர் மட்டும் இன்னும் பாக்கிக்காரர்தான். சராசரி 135-ஐ ஒட்டி நிற்கிறது. எண் இறங்கிவிட்டது என்று நாமாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது, அந்த எண் இறங்கியதே மாத்திரையால்தான். 180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் இழுப்பு ஏதாவது இருந்தால் இரண்டாவது முறை கட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை மெஷினை டாக்டரிடம் எடுத்துப்போய், அவர் மெஷினும் உங்கள் மெஷினும் எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று பார்த்து வாருங்கள். வாங்கப் போகும்போது கையை அளந்துவிட்டுப் போங்கள். 32 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய பட்டையைத் தனியாக, அதே நிறுவனத்துடையதையே வாங்க வேண்டும், வேறு நிறுவனப் பட்டையை மாட்டினால் கணக்கு தப்பும். எங்களுக்கு அது கிருஷ்ணகிரியில் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வரவழைத்தோம். உங்களில் யாருக்காவது ஓசூரிலோ தர்மபுரியிலோ கடையில் கிடைத்திருந்தால் எழுதுங்கள், கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.